கேமரா வாங்குமுன் ஒரு நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஓரளவு வசதியுள்ள சபைகளின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி பேசப்படுவது கேமரா. கிறிஸ்துமஸுக்குள் ஞாயிறு ஆராதனையை யூடியூபில் நேரலை செய்துவிட வேண்டும் என்கிறார்கள். நன்கொடை சேர்கிறது, வாலிபர்களும் ஆசையோடு முன்வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த நேரலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குகிற சபைகள் குறைவு. கேட்காமல் வாங்கிய கேமரா சில மாதங்களில் ஆலய பீரோவுக்குள் போய்விடும்.

கேமராவுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு நோட்டு. ஆலயத்துக்கு வர முடியாதவர்கள் யார் யார் என்று தெருவாரியாக அதில் எழுத வேண்டும். படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள், குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள், கடலுக்குப் போய்விடுகிற மீனவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரம் வேண்டும்: வீட்டில் யாருடைய கைபேசி இருக்கிறது, அது பட்டன் போனா ஸ்மார்ட்போனா, எந்த நேரத்தில் கையில் இருக்கும். கத்தோலிக்கப் பங்கு என்றால் அன்பியம் எனப்படும் தெருவாரிக் குடும்பக் குழுக்களின் தலைவர்களும், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபை என்றால் உபதேசியாரும் பெண்கள் ஐக்கியத்தாரும் இரண்டு வாரத்தில் இதை முடித்துவிடலாம். எந்த ஊடகம் வேண்டும் என்பதை இந்தப் பட்டியலே சொல்லும். பெரும்பாலான கிராமச் சபைகளுக்கு வாட்ஸ்அப்பும் நல்ல ஒலிப்பதிவும் போதும் என்பது தெரியவரும். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு இவை இரண்டும் உதவாது. வாரம் ஒருமுறை யாராவது அவரை அழைத்துப் பேச வேண்டும். அதுவும் இந்த ஊழியத்தைச் சேர்ந்ததுதான்.

வாட்ஸ்அப்பில் முதல் தவறு, எல்லாவற்றுக்கும் ஒரே குழு வைப்பது. குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். இளம்பெண்களின் எண்ணுக்குத் தெரியாத ஆட்களிடமிருந்து செய்தி வரத் தொடங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பெரிய குழுக்களின் வழியாகத்தான். அறிவிப்புக்கு என்று தனியாக ஒரு வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள். பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது, எதிர்வாதமும் அங்கே நடக்காது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் உண்டு. ஆனால் அதில் 256 பேர்தான் சேரலாம். அனுப்புகிறவரின் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். 'எனக்கு வரவே இல்லை' என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். குழு என்பது பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், ஒரு தெருவின் அன்பியம் என்று முப்பது நாற்பது பேருக்குள், ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்குள் இருக்கட்டும். நிர்வாகி எப்போதும் இருவராக இருக்க வேண்டும். ஒருவர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனால் குழு அநாதையாகிவிடக் கூடாது. யூடியூபுக்கும் இதே விதி: ஒரு வாலிபரின் சொந்த ஜிமெயிலில் சேனல் தொடங்காமல், சபையின் பெயரில் மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்து, மீட்பு எண்ணாக ஆயர் வீட்டு எண்ணைக் கொடுங்கள்.

ஜெபக் குறிப்பு என்பது மிகுந்த கவனம் வேண்டிய இடம். 'சகோதரி இன்னாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஜெபியுங்கள்' என்று அன்பினால்தான் ஒருவர் போடுகிறார். ஒரு மணி நேரத்தில் அது பெண் கேட்டு வந்த குடும்பத்துக்குப் போய்விடுகிறது. கடன், குடிப்பழக்கம், புருஷன் பெண்சாதித் தகராறு எல்லாம் இப்படித்தான் ஊருக்குள் பரவுகின்றன. காயப்பட்டவர்கள் அதன்பின் யாரிடமும் ஜெபிக்கச் சொல்வதில்லை. இதற்குச் செய்ய வேண்டியது எளிது. ஜெப விண்ணப்பம் அனுப்புவதற்கு ஒரே ஒரு எண். அந்தப் போன் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ மட்டும் இருக்கும். குழுவில் பெயர் போடலாமா என்று, யாருக்காக ஜெபமோ அவரிடமே கேட்டு, 'போடலாம்' என்ற பதில் எழுத்திலோ குரலிலோ வந்த பிறகே போட வேண்டும். இல்லையென்றால் 'நம் சபையில் ஒரு தாயாருக்காக' என்பதே போதும். கடவுளுக்கு ஆள் தெரியும். ஜெபக் குழுவில் ஏழு நாளில் செய்தி மறையும் அமைப்பை இயக்கி வையுங்கள். விண்ணப்பம் அனுப்பியவருக்கு 24 மணி நேரத்துக்குள் குரலில் பதில் போக வேண்டும். கைகூப்பிய படம் பதிலாகாது. மூன்றாம் நாள் மறுபடி ஒரு அழைப்பு. தேவைப்பட்டால் அந்த வாரமே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. இந்தத் தொடர்ச்சி இல்லாவிட்டால் விண்ணப்ப எண் வைத்திருப்பதைவிட வைக்காமலிருப்பதே மேல்.

அறிவிப்பைப் படமாகச் செய்து போடும் பழக்கத்தையும் விட வேண்டும். வண்ணப் பின்னணியில் பொடி எழுத்தில் வரும் துக்கச் செய்தி, கண்புரை உள்ள பெரியவருக்குத் தெரியாது. பார்வையற்றோர் போனில் பயன்படுத்தும் வாசிப்புக் குரலும் தட்டச்சு செய்த எழுத்தைத்தான் ஒழுங்காகப் படிக்கும். இறந்தவர் பெயர், தெரு, அடக்க ஆராதனை நேரம், கல்லறைத் தோட்டம், வீட்டாரின் ஒரு தொடர்பு எண் என ஐந்தே வரி தட்டச்சு செய்யுங்கள். தினமும் காலையில் வரும் வசனப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை போனின் நினைவகத்தை நிரப்புகின்றன. நாளடைவில் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதே வசனத்தை ஆயர் தம் குரலில் வாசித்து, இரண்டு நிமிடம் விளக்கி, ஒரு வரி ஜெபத்தோடு அனுப்பினால் கோப்பு ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடும். படிக்கத் தெரியாதவரும் கேட்பார். தெரிந்தவர் குரல் என்பது படத்துக்கு இல்லாத பலம்.

நேரமும் பார்த்து அனுப்ப வேண்டும். குறுவை நடவும் சம்பா அறுவடையும் நடக்கும் நாட்களில் விடியுமுன்பே வயலுக்குப் போகிறவருக்குக் காலை ஒன்பது மணிச் செய்தியால் பயனில்லை. ஐந்து மணிக்கு முன்போ இரவு ஏழரைக்குப் பின்போ அனுப்புங்கள். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். நம் ஞாயிறு ஒன்பது மணி ஆராதனை குவைத்தில் ஆறரை; அங்கே ஞாயிறு வேலை நாளும்கூட. அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. பிரசங்கத்தை மட்டும் தனியாக வெட்டி வியாழன் இரவு அனுப்பினால் கேட்பார்கள்.

இனி நேரலை. பட்டியலைப் பார்த்த பிறகும் அது தேவை என்று தெரிந்தால் செய்யுங்கள். ஆனால் பணத்தை முதலில் ஒலியில் போடுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் ஆராதனையில் கலந்துகொள்ள முடியும். வார்த்தை புரியாவிட்டால் இரண்டு நிமிடத்தில் அணைத்துவிடுவார்கள். போனின் மைக்கை நம்பி நடுவழியில் முக்காலி போட்டு வைத்தால், உயரமான பழைய ஆலயக் கூரையின் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும்தான் பதிவாகும். ஆலயத்தில் ஏற்கெனவே இருக்கும் மிக்ஸரின் (மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவி) ஆக்ஸ் அவுட் என்ற துணை வெளியீட்டிலிருந்து ஒலியை எடுக்க வேண்டும். அதை நேராகப் போனில் செருகினால் இரண்டு சிக்கல். சாதாரண ஒலிக்கம்பியின் மூன்று உலோகப் பகுதி கொண்ட முனைக்கு மைக் இணைப்பே கிடையாது. போனுக்கு நான்கு உலோகப் பகுதி கொண்ட முனை வேண்டும். அடுத்தது, மிக்ஸரிலிருந்து வரும் ஒலி போனின் மைக் வாய்க்கு மிக அதிகம். பிரசங்கம் கரகரவென்று உடையும். மிக்ஸரின் ஒலியைப் போனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு சிறிய யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸை நடுவில் வைத்தால் இரண்டும் தீரும். அளவுமானியில் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையே நிற்கட்டும். ஆக்ஸை 'ப்ரீ ஃபேடர்' நிலையில், அதாவது ஒலியளவுக் கட்டைக்கு முன்பே ஒலியை எடுக்கும் நிலையில் வைத்தால், உள்ளே ஒலிபெருக்கியைக் கூட்டிக் குறைப்பது நேரலையைப் பாதிக்காது. 'உம்' என்ற ரீங்காரம் கேட்டால் பெரும்பாலும் மிக்ஸரும் போன் சார்ஜரும் சேர்ந்து எர்த் வழியாக உண்டாக்கும் ஒலி அது. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள்.

இப்படி எடுக்கும்போது இன்னொரு குறை வரும். மைக் முன்னால் நிற்பவர் குரல் மட்டும் கேட்கும்; சபை பாடுவது கேட்காது. வீட்டில் படுத்திருப்பவருக்கு, தாம் உட்கார்ந்து பாடிய சபையின் குரல் கேட்பதுதான் பெரிய ஆறுதல். எனவே சபையைப் பார்த்தபடி ஒரு கண்டென்சர் மைக்கைத் தொங்கவிட்டு, அதை ஆக்ஸுக்கு மட்டும் அனுப்புங்கள். பிரதான ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் ஊளையிடும். அந்த மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அழுத்தினால் விசிறியின் உறுமல் குறையும். பிரசங்கியாரின் மைக் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பழைய ஆலயங்கள் பலவற்றில் பீடம் கிழக்கே இருக்கிறது. காலை ஆராதனையில் வெயில் பீடத்துக்குப் பின்னாலிருந்து வரும். போன் அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு ஆயரின் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். கேமராவை நடுவழியிலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றி, திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். டியூப்லைட் மினுக்கினால் ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு பங்கு நொடியாக வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். படத் தரம் 720 போதும். அதற்கு நொடிக்குச் சுமார் 4 மெகாபிட் பதிவேற்ற வேகம் வேண்டும். சோதனையில் அதுபோல இரு மடங்கு காட்டினால்தான் நம்பலாம். சோதனையை ஞாயிறு ஆராதனை நேரத்திலேயே செய்யுங்கள். செவ்வாய் இரவு காட்டும் வேகம் உதவாது. மோடத்திலிருந்து கம்பி வழியே இணைப்பது வைஃபையைவிட உறுதி. மோடத்துக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று தேவை; ஆலயத்துக்கு இன்வர்ட்டர் போட்டுவிட்டு மோடத்தை மறந்துவிடுகிறார்கள். யூடியூபில் முதன்முறை நேரலை வசதியை இயக்கினால் 24 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். போனிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். சனிக்கிழமை இரவு உட்கார்ந்து தொடங்குகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். திருவிழா நாட்களில், வேளாங்கண்ணிக் கொடியேற்றம் போன்ற பெருங்கூட்டத்தின் நடுவே, கைபேசி இணையத்தை நம்பவே வேண்டாம். பதிவு செய்து இரவில் ஏற்றுங்கள்.

பார்ப்பவரின் செலவையும் நினைக்க வேண்டும். 720 தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ ஒரு ஜிபி போய்விடும். நாளுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜ் செய்திருக்கும் வீட்டில், இரண்டு மணி நேர ஆராதனையோடு பிள்ளையின் பாடத்துக்கு எதுவும் மிஞ்சாது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் காலத்தில், ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், இங்கேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள்; 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சாகி முடிந்தது. டேட்டா விஷயத்தில் நாமும் அந்தச் சிக்கனத்தோடு நடக்கலாம்: ஆராதனை முழுவதையும் ஏற்றுவதோடு, 12 நிமிடப் பிரசங்கத்தை ஒலியாக மட்டும் தனியே கொடுங்கள். தலைப்பில் ஒவ்வொரு வாரமும் 'ஞாயிறு ஆராதனை' என்றே எழுதாமல், 'மத்தேயு 6:25–34, கவலை' என்று எழுதுங்கள். ராத்திரி தூக்கம் வராமல் தேடுகிறவருக்கு அகப்படும். விவரக் குறிப்பில் 0:00இலிருந்து தொடங்கி, வேதவாசிப்பு, பிரசங்கம், ஜெபம் எனக் குறைந்தது மூன்று நேரங்களைக் குறித்தால் வேண்டிய இடத்துக்கு நேரே போகலாம்.

பாட்டைப் பற்றி. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான் இந்தியச் சட்டத்தில் பதிப்புரிமை; ஆகையால் அவருடைய கீர்த்தனைகளை எந்தச் சபையும் பாடி ஏற்றலாம். ஆனால் அதே கீர்த்தனையை ஒரு நிறுவனம் இசையமைத்து வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அதைப் பின்னணியில் ஓடவிட்டுப் பாடினால் யூடியூபின் தானியங்கிச் சோதனை கண்டுபிடித்துவிடும். சில வேளை நேரலையே நடுவில் நின்றுபோகும். கீபோர்டு, தபலா, சபையின் குரல் இவற்றோடு பாடினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அதைவிட முக்கியமான வேலை ஒன்று காத்திருக்கிறது. பழைய கீர்த்தனைகளின் ராகமும் ஞானப்பாட்டுகளை இந்த ஊர்களில் இழுத்துப் பாடும் முறையும் முதியவர்கள் சிலரிடம் மட்டுமே இருக்கின்றன. ஒரு போனும் ஒரு காலர் மைக்கும் போதும். விசிறியை நிறுத்தி, ஒரு பாட்டின் எல்லா அடிகளையும் சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிந்து, பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் அனுமதியோடு சேர்த்து வையுங்கள். அந்தப் பெரியவர்கள் போன பிறகு எந்தக் கேமராவாலும் இதை மீட்க முடியாது.

காட்டக் கூடாதவையும் உண்டு. திருவிருந்து அல்லது நற்கருணை வாங்கும் முகங்களை நெருக்கமாகக் காட்டாதீர்கள். அந்த நேரம் கேமரா பீடத்தின் சிலுவையிலேயே நிற்கட்டும். அழுதுகொண்டு சாட்சி சொல்கிறவரை நேரலையில் விடாதீர்கள். பதிவு செய்து, மறுநாள் அவரிடம் காட்டி, 'சரி' என்றால் மட்டும் போடுங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளின் படங்களுக்குப் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கருதுகிறது. பெயர், பள்ளிச் சீருடை, ஊர் மூன்றும் ஒரே படத்தில் வரவே கூடாது.

குணமாகும் சாட்சிகளைப் பற்றி ஆயர்கள் உறுதியாக இருக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். 'ஜெபித்தேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்' என்ற ஒரு நிமிட வீடியோவைப் பார்த்து இன்சுலினை நிறுத்துகிறவர் எந்த ஊரில் இருப்பார் என்று நமக்குத் தெரியாது. புற்றுநோய், நீரிழிவு உள்ளிட்ட நோய்களுக்கு மாய முறையில் குணம் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நன்றி சொல்லும் சாட்சியில் 'மருத்துவர் சொன்னபடி மருந்தும் எடுத்துக்கொண்டேன்' என்ற வரி இல்லையென்றால் அதைச் சபையின் சேனலில் ஏற்றக் கூடாது.

காணிக்கைக்கு க்யூஆர் கோடு போடுகிறவர்கள், அது சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறதா என்று பாருங்கள். பொருளாளரின் சொந்தக் கணக்கு வேண்டாம். வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தம் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவும், புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கிப் பிரதான கிளையில் கணக்கும் வேண்டும். 'உலகெங்குமுள்ள சகோதரரே' என்று எழுதிப் பக்கத்தில் க்யூஆர் போடுவது சபையைச் சிக்கலில் மாட்டிவிடும். ஆயரின் படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி 'அவசரம், பணம் அனுப்பு' என்று கேட்பதும் நடக்கிறது. ஆயர் ஒருபோதும் செய்தி வழியாகப் பணம் கேட்கமாட்டார் என்று மாதம் ஒருமுறை பீடத்திலிருந்தே அறிவியுங்கள். ஏமாந்தவர் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930ஐ அழைக்க வேண்டும்.

நாகூர் தர்காவும் நூறு சிவாலயங்களும் சுற்றியிருக்கும் மண்ணில், பிறர் வழிபாட்டை இகழும் ஒரு சொல்லும் சபையின் பக்கத்தில் நிற்கக் கூடாது. கருத்துகளை முன்பரிசீலனைக்கு வைத்துவிட்டால் சண்டைக்கு இடமிருக்காது.

ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் இந்தக் குழுக்கள் உயிரைக் காக்கக்கூடியவை. ஆட்சியர் அலுவலகமும் வானிலை ஆய்வு மையமும் வெளியிட்டது தவிர வேறெதையும் பகிராதீர்கள். செய்தியின் தேதியையும் மணியையும் மேலே எழுதுங்கள், பழைய செய்தி மறுபடி சுற்றி வரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. ஆனால் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது செல்போன் கோபுரங்களும் மின்சாரமும் போய்விட்டன. ஆகவே முதலில் சொன்ன நோட்டின் ஒரு படி காகிதத்தில், பிளாஸ்டிக் உறையில், ஆயர் வீட்டிலும் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடமும் இருக்கட்டும்.

மாதாந்திரக் கூட்டத்தில் ஊடகக் குழு வாசிக்கும் அறிக்கையில் இப்போது எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே வருகிறது. சில நொடி பார்த்துவிட்டுப் போனவரும் அதில் சேர்கிறார். எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனைக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் போனது, எத்தனை வீட்டுக்கு நேரில் போனோம், பட்டியலில் இந்த மாதம் யாரையுமே தொடர்புகொள்ளாத பெயர்கள் எவை என்று வாசிக்கட்டும். இதைச் செய்கிற பிள்ளைகளையும் பாருங்கள். வாரா வாரம் கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்கு ஆராதனையே இல்லாமல் போகிறது. நான்கு பேரைப் பழக்கி, மாதத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் ஒருவர் நிற்கும்படி முறை வையுங்கள். அவர்களுடைய ரீசார்ஜ் செலவைச் சபையின் வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சபை ஊடகப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
மயிலாடுதுறை.